தோ பாயோ வீட்டு விருந்தில் எடுபிடியாக இரண்டு சனிக்கிழமைகள்

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ் விருந்துக்கு விளம்பரமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. தெரிந்தவர் சொன்னால்தான் இடம் கிடைக்கும். தலைக்கு 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 14 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முகவரியை வெளியே சொல்லக் கூடாது என்பது விருந்து நடத்தும் அக்காவின் நிபந்தனை என்பதால் நானும் சொல்லப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பாராட்டுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த மதிப்புரை அடுப்படியிலிருந்து எழுதப்படுவது. சம்பளமில்லாத தொண்டராக இரண்டு சனிக்கிழமைகள் அங்கே வேலை செய்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் போனவுடன் என் முன்னால் ஒன்றரை கிலோ சின்ன வெங்காயம் வைக்கப்பட்டது. வெந்நீரில் சிறிது நேரம் ஊறப்போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் என்று அக்கா சொல்லித்தராமல் இருந்திருந்தால், விருந்தாளிகள் வந்த பிறகும் நான் உரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். விருந்தின் தலைமை உணவு மீன்தலைக் கறி. இது இந்தியாவிலிருந்து வந்த பதார்த்தம் என்றே பலர் நினைக்கிறார்கள்; ஆனால் கேரளத்துக்காரரான எம். ஜே. கோமஸ், மீன்தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்காக 1949இல் சிங்கப்பூரில் அறிமுகப்படுத்தியது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அக்கா தேக்கா சந்தையில் காலையிலேயே வாங்கிவந்த ஈக்கான் மேரா (சிவப்பு மீன்) தலைகளின் செவுள்களை நீக்கி, உப்பும் மஞ்சளும் தேய்த்து, கண்ணைச் சுற்றியிருக்கும் சதை கிழியாமல் இரண்டாகப் பிளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்தச் சமையல் வகுப்பிலும் அவ்வளவு நெருக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வாய்த்ததில்லை. வெண்டைக்காயைத் தனியாக எண்ணெயில் வதக்கிக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் குழம்பு கொழகொழத்துவிடும் என்பதும் அன்று கற்றதுதான்.

பரிமாறுவதில்தான் நான் தடுமாறினேன். இலையின் குறுகிய நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், அவசரத்தில் மூன்று இலைகளை மாற்றிப் போட்டுவிட்டேன். "தம்பி, இலை திரும்பிக் கிடக்குது பாருங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, யாரும் கவனிக்குமுன் அக்காவே திருப்பிவைத்தார்.

குறைகளும் உண்டு. அது நான்கு பேர் வாழும் குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட சமையலறை. மூன்று பேர் நின்றால் நான்காமவர் குளிர்பதனப் பெட்டியைத் திறக்க முடியாது. இரண்டாவது சனிக்கிழமை, ரசம் ஊற்றும் நேரத்தில் மின்னடுப்பு, அடுப்புப்பெட்டி (ஓவன்), மின்சாரச் சோற்றுப்பானை மூன்றும் ஒன்றாக ஓட, மின்பெட்டியில் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டது. வரவேற்பறையில் சிரிப்பொலி கேட்டது. அடுப்படியில் யாரும் சிரிக்கவில்லை. எதை எந்த நேரத்தில் ஓட்டலாம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. சுத்தத்தில் மட்டும் அக்காவிடம் சலுகை கிடையாது: கறி 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் வெப்பமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், தயிர்ப்பச்சடி குளிரிலிருந்து வெளியே வந்தது பரிமாறும்போதுதான்.

எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று. வீட்டுத் தொழில் திட்டத்தின்படி வீட்டில் சமைத்து விற்கச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் அங்கே வசிக்காதவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. சம்பளம் வாங்காத என்னைப் போன்றவர் எந்தக் கணக்கில் வருவார் என்று அக்காவிடமே கேட்டேன். "கத்துக்க வர்றவங்களை எப்படித் தம்பி வேலைக்காரங்கன்னு சொல்றது?" என்றார். நியாயமான பதில்தான்; ஆயினும் 14 பேர் 90 வெள்ளி கொடுத்த இரவில், பதினொன்றரை மணிவரை பாத்திரம் தேய்த்தவனுக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. கற்றல் ஒன்பது மணியோடு முடிந்துவிடுகிறது. பிறகு இருப்பது ஒரே ஒரு கழுவுதொட்டியும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இருப்புச்சட்டிகளும்தான்.

மீன் குழம்பைக் கைப்பக்குவத்தோடு கற்க விரும்புபவர் தாராளமாகப் போகலாம். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், கடைசி ரயிலைப் பிடிக்குமாறு பத்தரைக்குக் கிளம்பிவிடுவேன் என்ற பேச்சோடு.