சிம்மக்கல் மாடியில் ஒரு கடன்காரர் கூட்டம்: 16 மாத அனுபவம்

என் அச்சுக் கடையில் கல்லாவுக்கு மேலே ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று நானே அச்சடித்து மாட்டிய பலகை 11 ஆண்டுகளாகத் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டுதான் வங்கியிலும், அடகுக் கடையிலும், வட்டிக்காரரிடமும், சொந்தக்காரர்களிடமும், எனக்குக் காகிதம் தரும் மொத்த வியாபாரியிடமும் கடன் வாங்கினேன். மதுரை சிம்மக்கல் பகுதியில், தனிப்பயிற்சி வகுப்பு ஒன்றின் மாடி அறையில் கடனில் சிக்கியவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்குக் கூடும் கடன்காரர் கூட்டத்துக்கு 16 மாதங்களாகச் சென்று வருகிறேன். வருபவர்களின் பெயரும் இடமும் வெளியே போகக் கூடாது என்பது அங்குள்ள விதி என்பதால், அதற்கு மேல் முகவரி எழுதப்போவதில்லை. அது எப்படி நடக்கிறது, எங்கே தாங்கிப் பிடிக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும், இப்படி ஒன்றைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த முறை நம் ஊரில் பிறந்ததன்று. 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்காகத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழியைப் பின்பற்றி, 1976-இல் நியூயார்க்கில் கடனாளிகளுக்காக டெட்டர்ஸ் அனானிமஸ் தோன்றியது. குடியை விட்ட பிறகும் கடன் விடாமல் துரத்திய ஒருவர் அந்த முறையைப் படித்துப் பார்த்து, தெரிந்தவர்கள் நான்கு பேருடன் இங்கே தொடங்கியிருக்கிறார். கட்டணம் கிடையாது. அறை வாடகைக்கும் தேநீருக்கும் ஒரு டப்பா சுற்றி வரும். முடிந்தவர்கள் 20 ரூபாய் போடுகிறார்கள்.

‘குழு’ என்ற சொல் மதுரைக்காரர்களுக்குப் புதிதன்று. இங்கே தலைமையகம் கொண்ட தானம் அறக்கட்டளை 1997-இல் உருவாவதற்கு முன்பே, 1990-இல் களஞ்சியம் சேமிப்புக் குழுக்கள் தொடங்கிவிட்டன. 1992-இல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 500 குழுக்களோடு சோதித்துப் பார்த்தது. என் மதினி அப்படி ஒரு குழுவில் சிறுகச் சிறுகச் சேமித்துத்தான் தையல் இயந்திரம் வாங்கினார். ஆனால் பிற்காலத்தில் தெருவுக்குத் தெரு வந்த வாரக் கடன் குழுக்களில், ஒருத்தி தவணை தவறினால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டிய நிலையையும் அதே மதினி பார்த்திருக்கிறார். கடன் கூட்டம் என்று நான் சொன்னதும், “அங்க யாருக்கு யாரு ஜாமீன்?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். யாருக்கும் யாரும் ஜாமீன் இல்லை என்பதே இந்தக் கூட்டத்தின் உயிர்நாடி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒரு ரூபாய்கூடக் கைமாற்றாகக் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது, ஏலச்சீட்டுக்கு ஆள் சேர்க்கக் கூடாது. எதிரே இருப்பவருக்கு என் பணத்தில் பங்கும் இல்லை, பயமும் இல்லை; ஆகையால் அவரிடம் பொய் சொல்லித் தப்பிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போகிறது. மனைவியிடமும் அண்ணனிடமும் வங்கி மேலாளரிடமும் மூன்று வெவ்வேறு தொகைகளைச் சொல்லிப் பழகியவனுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பட்டவர்களுக்குப் புரியும்.

கூட்டம் எளிமையானது. பெயர் மட்டும் சொல்ல வேண்டும். ஊர், தெரு, சாதி, தொழில் எதுவும் தேவையில்லை. பிறகு ஒவ்வொருவரும் சென்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதுக் கடன் வாங்கினாரா இல்லையா என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். வாங்கியவரை யாரும் திட்டுவதில்லை. கைவசம் உள்ள 40 பக்க நோட்டில் அன்றாடச் செலவை டீக்குக் கொடுத்த 12 ரூபாய் உட்பட எழுதிவர வேண்டும் என்பது மட்டுமே வீட்டுப்பாடம்.

ஆனால் உண்மையான வேலை நடப்பது கூட்டத்தில் அன்று, ‘கணக்கு உட்காருதல்’ என்று அவர்கள் சொல்லும் தனி அமர்வில்தான். தங்கள் கடனை ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்த உறுப்பினர்கள் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, புதியவரின் எல்லாக் கணக்கையும் எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள். எனக்கு வாய்த்தவர்கள் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும், ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் அக்கா ஒருவரும். மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று பெரியவர் கேட்டபோது, நாலரை லட்சம் என்று தயங்காமல் சொன்னேன். அவர் அந்தத் தொகையை நோட்டின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு, “இப்ப ஒண்ணொண்ணா எடுங்க தம்பி” என்றார். நகைக் கடன் 2,10,000. வங்கியில் தனிநபர் கடன் 1,65,000. மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வீதம், வாங்கியது 1,50,000. கிரெடிட் கார்டு 40,000. காகிதக் கடை பாக்கி 45,000. ஐந்து பேரிடம் கைமாற்று 64,000. நாள்தோறும் கட்டும் தண்டலில் மீதி 6,000. அக்கா கூட்டிப் பார்த்து, நோட்டை என் பக்கம் திருப்பிவைத்தார். 6,80,000. பென்சிலால் எழுதிய நாலரை லட்சத்தை அவர்கள் அழிக்கவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இன்றும் அந்த நோட்டில் அது அப்படியே இருக்கிறது.

அக்கா போட்டுக் காட்டிய இரண்டு கணக்குகளை இங்கே எழுதியே ஆக வேண்டும். தண்டலில் கையில் 8,500 ரூபாய் வாங்கி, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டுவது வழக்கம். 1,500 ரூபாய்தானே கூடுதல் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாகப் பார்த்தால் வாங்கிய பணத்தில் ஏறத்தாழப் பாதிதான் அந்த 100 நாளும் நம் கையில் இருக்கிறது. அப்படிப் பார்க்கும்போது அது ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிய வட்டி. கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய்க்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி 1,400, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252. குறைந்தபட்சத் தொகை என்று நான் ஒழுங்காகக் கட்டிவந்தது 2,000. ஆக, அசலில் குறைந்தது 348 ரூபாய். ஒழுங்காகக் கட்டுகிறவன் என்ற பெருமை எனக்கு அதுவரை இருந்தது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. சிறிய கடன்களை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு வரும் என்பது பெரியவர் கட்சி. வட்டி அதிகமானதைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்பது அக்கா கட்சி. மாதம் 4,500 ரூபாயை விழுங்கிக்கொண்டிருந்த மூன்று வட்டிக் கடனைக் கண்டு நான் அக்கா பக்கம் சாய்ந்தேன். ஆனால் அதை அடைக்க வழி சொன்னது கூட்டமன்று, என் மனைவி. மறுவாரம் அவளையும் அழைத்துச் சென்றிருந்தேன். நகைக் கடன் தவிர வேறெதுவும் அவளுக்கு அதுவரை தெரியாது. அந்தப் பட்டியலை முழுதும் படித்துவிட்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “வட்டிக்காரர் வாசல்ல நீங்க நிக்கிறப்ப, இது என் கழுத்துல கெடந்து என்ன?” என்று அடகுக்குப் போகாமல் மிஞ்சியிருந்த 3 பவுன் சங்கிலியைச் சொன்னாள். தெற்காவணி மூல வீதியில் விற்று, அன்று மாலையே அந்தக் கணக்கை முடித்தோம். அடகு வைப்பது மானத்தைக் காப்பது என்றும் விற்பது மானத்தை இழப்பது என்றும் எங்கள் குடும்பத்தில் இருந்த நம்பிக்கைக்காக, அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டுகளில் 1,35,000 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறேன்.

இந்தக் கூட்டத்தின் முறை வெளிநாட்டிலிருந்து வந்ததால் விழித்து நின்ற இடம் ஒன்று உண்டு. அது செய்முறை, அதாவது விசேஷ வீடுகளில் எழுதும் மொய். என் மகளின் காதணி விழாவில் எனக்கு எழுதப்பட்ட மொய் 1,86,000 ரூபாய். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு மொய் நோட்டின் எடை தெரியும்: எழுதியவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி எழுதினால் மட்டும் போதாது, மேலே கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும், எழுதாவிட்டால் பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுவார்கள். இதைக் கடன் பட்டியலில் சேர்ப்பதா, கூடாதா என்று இரண்டு ஞாயிறுகள் வாதம் நடந்தது. அன்பளிப்பு எப்படிக் கடனாகும் என்று ஒரு தம்பி கேட்டார். பெரியவர் அசையவில்லை. “எழுதி வாங்குனது கடன்தான் தம்பி. தேதி மட்டும் போடலை” என்றார். விசேஷங்களுக்குப் பத்திரிகை அச்சடித்தே பிழைக்கும் எனக்கு, இந்த வாதத்தில் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது. முடிவில் செய்முறைக்குத் தனிப் பக்கம், மாதம் 2,500 ரூபாய் தனி உறை, வாங்கிய தொகை மட்டும் திரும்பும், கூடுதல் கிடையாது என்று தீர்மானித்தோம். கூடுதல் எழுதாததற்காக என் சித்தப்பா இன்றுவரை சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இனிக் குறைகள். முதலாவது, சட்ட அறிவு அந்த அறையில் அறவே இல்லை. தவணை தவறிய உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்கு வசூல்காரர்கள் இரவு 9 மணிக்கு வந்து சத்தம் போட்டதைச் சொன்னபோது, எல்லோரும் ஆறுதல் சொன்னார்களே தவிர, என்ன செய்யலாம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியைத் தொலைபேசியில்கூட அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100, வங்கிகள் மீதான புகார்களுக்கு ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்களை ஒரு அட்டையில் அச்சடித்து, அந்த அறைச் சுவரில் நான்தான் ஒட்டினேன். ஆறு ஆண்டுகளாக நடக்கும் கூட்டத்தில் இதை முன்பே யாராவது செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பெண்கள் மிகக் குறைவு. குறுகலான மாடிப் படி, வெளிச்சம் குறைந்த சந்து, மாலை நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து, வாரக் கடனில் சிக்கி உண்மையில் தவிக்கும் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. பகல் நேரத்தில் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் வைக்கலாம் என்று பலமுறை சொல்லியும் நடக்கவில்லை. பேசத் தொடங்கினால் 20 நிமிடம் நிறுத்தாத அண்ணன் ஒருவர் உண்டு. அவரை நிறுத்தும் துணிவு நடத்துபவருக்கு இல்லை.

மூன்றாவதைக் குறை என்பதா, எல்லை என்பதா எனத் தெரியவில்லை. என்னைப் போல வருமானம் இருந்தும் கணக்கில்லாமல் கெட்டவர்களுக்கு இந்த முறை பொருந்துகிறது. வேலை போய், மருத்துவச் செலவுக்காகக் கடன் வாங்கியவரிடம் செலவை எழுதிவா என்று சொன்னால் அவர் எதை எழுதுவார்? அப்படி வந்த ஒருவர் நான்கு வாரங்கள் வெற்று நோட்டோடு உட்கார்ந்துவிட்டு, ஐந்தாவது வாரம் வரவில்லை. திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்குத் தேவை வழக்கறிஞர், இந்தக் கூட்டமன்று.

என் கணக்கு இப்போது இப்படி இருக்கிறது. வட்டிக் கடனும், தண்டலும், கார்டும், காகிதக் கடை பாக்கியும் முடிந்தன. கைமாற்றில் 10,000, வங்கியில் 98,000, நகைக் கடன் அப்படியே 2,10,000, ஆக 3,18,000. இந்த 16 மாதங்களில் இருமுறை புதுக் கடன் வாங்கினேன், இரண்டையும் கூட்டத்தில் சொன்னேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அந்த ஒன்றைக் குறைப்பது சட்ட விஷயத்துக்காகவும் படிக்கட்டுக்காகவும்.

முதன்முறை போகிறவர்கள் கடன் சீட்டு, அடகு ரசீது, மொய் நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முகூர்த்த ஞாயிறுகளில் கூட்டம் காலை 7 மணிக்கு மாறிவிடும். கணக்கைக் கைபேசியிலேயே எழுதிக்கொள்கிறேனே என்று பெரியவரிடம் கேட்டுப் பயனில்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.