பெய்தாவா சிங்ஹுவாவா: ஒரு ரோடு இடைவெளியில ரெண்டு யுனிவர்சிட்டி

1930ல ஷாண்டோங் பக்கத்துல இருந்து ஸ்கூல் முடிச்ச ஒரு பையன் பெய்ஜிங்குக்கு எண்ட்ரன்ஸ் எழுத வந்தான், பேரு ஜி ஷியான்லின். ஊருக்கு அப்போ பெய்பிங்னு பேரு. பீக்கிங் யுனிவர்சிட்டி, சிங்ஹுவா ரெண்டுலயும் சீட் கெடச்சிருச்சு. சிங்ஹுவாவுல சேர்ந்தா வெளிநாட்டுக்குப் படிக்கப் போறது ஈஸின்னு கணக்குப் போட்டு அங்கயே சேர்ந்துட்டான். இன்னைக்கும் சீனாவோட காலேஜ் எண்ட்ரன்ஸான காவோகாவோ எக்ஸாம்ல டாப்ல வர்ற பசங்க வீட்டுல இதே பேச்சுதான் ஓடுது, பெய்தாவா சிங்ஹுவாவான்னு. (பீக்கிங் யுனிவர்சிட்டிய சீனாவுல சுருக்கமா பெய்தான்னுதான் சொல்லுவாங்க.)

கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க, பெய்தான்னா இலக்கியம், வரலாறு, தத்துவம், சிங்ஹுவான்னா இஞ்சினியரிங். அது பாதிதான் உண்மைங்க. அந்தப் பிரிவு தானா வந்தது இல்ல, 1952ல அரசாங்கம் உத்தரவு போட்டு வெட்டுனது. அதுக்கு முன்னாடி ரெண்டும் எப்படி இருந்துச்சுன்னு பாக்காம இந்த ஒப்பீட்டைப் பேசவே கூடாதுன்னு நினைக்கிறேன்.

பொறந்த கதையே ரெண்டுக்கும் வேற வேற. பெய்தா 1898ல சிங் பேரரசர் குவாங்ஷு கொண்டுவந்த நூறு நாள் சீர்திருத்தத்துல முளைச்சது. அந்த சீர்திருத்தத்த மூத்த மகாராணி சிஷி ஒரே அடியா கவுத்துட்டாங்க, ஆனா இந்தக் கல்லூரிய மட்டும் விட்டு வச்சாங்க. சிங்ஹுவா கதை வலிக்கிற கதை. வெளிநாட்டுக்காரங்கள எதிர்த்து நடந்த 1900 பாக்ஸர் கலவரத்துக்கு அப்புறம் வெளிநாட்டு அரசுங்க சீனா தலையில 45 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு ஏத்துனாங்க, அமெரிக்கா தனக்கு வந்த பங்குல அதிகமா இருந்தத சீன மாணவங்க படிப்புக்குத் திருப்பிக் குடுத்துச்சு. அந்தக் காசுலதான் 1911ல பழைய அரச தோட்டம் ஒண்ணுல சிங்ஹுவா ஆரம்பிச்சது, அமெரிக்கா போற பசங்களத் தயார் பண்ற பள்ளிக்கூடமா. நாட்டோட அவமானத்துக்குக் கட்டுன பணத்துல படிக்கிறோம்ங்கிற நெனப்பு அந்தப் பசங்களுக்கு விட்டுப் போகவே இல்ல.

1917ல சாய் யுவான்பெய் பெய்தாவுக்குத் தலைவரா வந்தாரு பாருங்க, அதுதான் எனக்கு இந்த மொத்த கதையிலயும் ரொம்பப் பிடிச்ச இடம். அதுவரைக்கும் அங்க படிச்சவங்க பாதிப் பேர் அரசு வேலைக்காகப் படிச்ச பெரிய வீட்டுப் பசங்க. இவர் வந்ததும் கருத்து எதுவா இருந்தாலும் பரவாயில்ல, சரக்கு இருந்தா போதும்னு ஆள் எடுத்தாரு. சென் துஷியூ, ஹு ஷி மாதிரி பழசையெல்லாம் ஒடைக்கணும்னு எழுதுனவங்களும் அங்கதான், பினாங்குல பொறந்து இங்கிலீஷ் இலக்கியம் நடத்திக்கிட்டு, பேரரசு போன பின்னாடியும் தலையில சடையோட திரிஞ்ச கு ஹோங்மிங்கும் அங்கதான். லைப்ரரியில மாசம் 8 யுவான் சம்பளத்துக்கு அசிஸ்டண்ட்டா ஹுனான்ல இருந்து வந்த ஒரு இளைஞர் வேலை பாத்தாரு, அவர்தான் மாவோ. கிளாஸ் கதவும் எல்லாருக்கும் தொறந்தே இருந்துச்சு. சேர்ந்து படிக்கிறவங்க, அனுமதி வாங்கி உக்கார்றவங்க போக, எதுவுமே இல்லாம வந்து உக்காந்து கேக்குறவங்கன்னு ஒரு கூட்டம், அவங்களுக்கு "திருட்டுத்தனமா கேக்குறவங்க"ன்னே பேரு. பின்னாடி பெரிய எழுத்தாளரான ஷென் சோங்வென் அப்படி உக்காந்து கேட்டவர்தான். 1920ல பொண்ணுங்களையும் உள்ள விட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம், ஷாண்டோங் உரிமைய ஜப்பானுக்குக் குடுத்தத எதிர்த்த மே 4 போராட்டத்துல தெருவுல முன்னாடி நின்னதும் இந்த யுனிவர்சிட்டி பசங்கதான்.

இதுல சிங்ஹுவா ஒண்ணும் கொறஞ்சது இல்ல, இதத்தான் நெறைய பேர் மறந்துடுறாங்க. 1925ல அங்க சீனவியல் ஆய்வுக்குன்னு ஒரு நிறுவனம் தொடங்கி வாங் குவோவெய், லியாங் சிசாவ், சென் யின்கெ, சாவ் யுவான்ரென்னு நாலு பேர உக்கார வச்சாங்க. அதுல சென் யின்கெகிட்ட ஒரு டிகிரி கூடக் கிடையாது, ஆனா சமஸ்கிருதம் உட்பட ஏகப்பட்ட மொழி தெரிஞ்ச மனுஷன். 1931ல தலைவரான மெய் யிசி, பெரிய கட்டடம் இருக்குறதால ஒரு இடம் யுனிவர்சிட்டி ஆகாது, பெரிய ஆசிரியர்கள் இருக்கணும்னு சொன்னது வெறும் மேடைப் பேச்சு இல்ல, பக்கத்துலயே ஆள் இருந்தாங்க.

1937ல ஜப்பான் படை வந்ததும் ரெண்டும், கூட தியென்ஜின்ல இருந்த நான்காய் யுனிவர்சிட்டியும் சேர்ந்து முதல்ல சாங்ஷாவுக்கு ஓடி, அங்கயும் நிக்க முடியாம குன்மிங் போனாங்க. கிட்டத்தட்ட 300 மாணவர்களும் கொஞ்சம் ஆசிரியர்களும் பெரும்பாலும் நடந்தே போனாங்க, 68 நாள். கவிஞர் வென் யிதுவோ சிங்ஹுவா புரொபசர், அவரும் நடந்தாரு, ஜெயிக்கிற வரைக்கும் தாடி எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு. குன்மிங்ல மண் சுவரு, தகரக் கூரை கிளாஸ் ரூம், அப்புறம் காசு இல்லாம அந்தத் தகரத்தையே வித்துட்டு வைக்கோல் வேஞ்சாங்க. தகரத்து மேல மழை பேஞ்சா காது அடைச்சுப் போகும். பொருளாதாரம் நடத்துன சென் தாய்சுன் ஒரு நாள் கத்திக் கத்திப் பாத்து முடியாம, "அமைதியா உக்காந்து மழையக் கேளுங்க"ன்னு போர்டுல எழுதிட்டு உக்காந்துட்டாருன்னு சொல்லுவாங்க. அந்தக் கூரைக்குக் கீழ படிச்ச ரெண்டு பேர், யாங் சென்னிங்கும் லீ சுங்டாவும், 1957ல பிசிக்ஸ் நோபல் வாங்குனாங்க. அவங்க பெய்தாவா சிங்ஹுவாவான்னு கேட்டா பதில் கிடையாது, அந்த எட்டு வருஷம் எல்லாமே ஒண்ணுதான்.

சேர்ந்து பொழைச்சதுங்கள 1952ல சோவியத் மாடல்ல பிரிச்சாங்க. சிங்ஹுவாவோட ஆர்ட்ஸ், சயின்ஸ், சட்டம் எல்லாம் பெய்தாவுக்குப் போச்சு, பெய்தாவோட இஞ்சினியரிங் சிங்ஹுவாவுக்கு வந்துச்சு. யென்ச்சிங்னு இருந்த மிஷனரி யுனிவர்சிட்டிய மூடி அந்த கேம்பஸ பெய்தாவுக்குக் குடுத்தாங்க. இன்னைக்கு போட்டோவுல பாக்குற வெய்மிங் ஏரி, அதுக்குப் பக்கத்துல கோபுரம் மாதிரி நிக்கிற தண்ணித் தொட்டி எல்லாம் யென்ச்சிங் சொத்துதான். லாபம் பெய்தாவுக்கு, நஷ்டம் சிங்ஹுவாவுக்குன்னுதான் எனக்குப் படுது. ஒரு லைப்ரரியும் ஒரு டிபார்ட்மெண்ட்டும் சேர்ந்து வளர முப்பது வருஷம் ஆகும், கழட்டி எடுக்க ஒரு வருஷம் போதும்.

அதுக்கப்புறம் சிங்ஹுவா நாட்டுக்கு இஞ்சினியர் செஞ்சு குடுக்குற இடமாச்சு. அதிபரா இருந்த ஹு ஜிந்தாவ் அங்க நீரியல் இஞ்சினியரிங், ஷி ஜின்பிங் கெமிக்கல். பிரதமரா இருந்த சூ ரோங்ஜியும் அங்க எலக்ட்ரிக்கல் படிச்சவர்தான். விளையாட்டுல கறாரா இருப்பாங்க, 2017ல இருந்து நீச்சல் டெஸ்ட் பாஸ் பண்ணாதான் டிகிரின்னு கொண்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு யாவ் கிளாஸ், டூரிங் விருது வாங்குன ஆண்ட்ரூ யாவ் 2005ல தொடங்குனது, அதுக்கு நிகரா வேற சொல்றது கஷ்டம்.

அதுக்காக பெய்தாவ ஆர்ட்ஸ்னு ஒதுக்கிடாதீங்க. இரட்டைப் பகா எண்கள் (3, 5 மாதிரி ரெண்டு வித்தியாசத்துல வர்ற ஜோடி) பிரச்சினையில 2013ல உலகத்தையே திரும்பிப் பாக்க வச்ச சாங் யிதாங் அங்க கணக்கு படிச்சவர். சீன எழுத்த லேசர்ல அச்சடிக்க வழி கண்டுபிடிச்ச வாங் ஷுவானும் அங்கதான்.

இப்ப யாராச்சும் கேட்டா, மெஷின், சிப், கட்டடம்னா யோசிக்காம சிங்ஹுவா. கணக்கு, மொழி, வரலாறுன்னா பெய்தா. சிங்ஹுவாவும் இழந்தத மறுபடி கட்டிக்கிட்டு இருக்கு, 2009ல அந்தப் பழைய சீனவியல் நிறுவனத்த திரும்பத் தொறந்தாங்க, ஆனா நடுவுல போன வருஷங்கள யார் குடுக்கப் போறா. மனசுன்னு பாத்தா எனக்கு பெய்தாதான், அந்தத் தொறந்த கதவுக்காக.

ஜி ஷியான்லினுக்கு ரெண்டும் கெடச்சுது. சிங்ஹுவாவுல சென் யின்கெ நடத்துன பௌத்த மொழிபெயர்ப்பு கிளாஸ்ல சும்மா போயி உக்காந்து கேட்டாரு, அதுல ஆரம்பிச்சதுதான் சமஸ்கிருத ஆசை, அதப் படிக்கத்தான் ஜெர்மனி கோட்டிங்கென்ல பத்து வருஷம். 1946ல திரும்பி வந்தப்ப அதே சென் யின்கெதான் பெய்தாவுக்கு சிபாரிசு பண்ணாரு. அந்த பெய்தாவே 1968ல கலாச்சாரப் புரட்சி சமயத்துல அவர கேம்பஸ்குள்ளயே "மாட்டுத் தொழுவம்"னு சொல்ற அடைப்புல போட்டு அடிச்சு வேலை வாங்குச்சு. வெளிய விட்ட பின்னாடி ஹாஸ்டல் வாசல்ல உக்கார வச்சாங்க, ஆள் வந்தா கூப்பிடணும், போன் வந்தா எடுக்கணும். 1973ல வால்மீகி ராமாயணத்த சீன மொழியில எழுத ஆரம்பிச்சாரு. ராத்திரி வீட்டுல மூலத்தப் பாத்து உரைநடையா மாத்தி துண்டுக் காகிதத்துல எழுதிக்குவாரு, காலையில அதப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்து, ஆள் இல்லாத நேரத்துல ஒவ்வொரு வரியா கவிதையா மாத்துவாரு, யாராச்சும் வந்தா காகிதம் திரும்ப பாக்கெட்டுக்குள்ள போயிடும்.