ஷிங்ரிக்ஸ் அக்கித் தடுப்பூசி: நரம்பைக் காக்கும் மருந்தாக ஒரு மதிப்பீடு

அக்கி என்றதும் தோலில் எழும் கொப்புளங்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது அடிப்படையில் நரம்பின் நோய். சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியும் தலையிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கிறது. வயது ஏறி, அதை அடக்கி வைத்திருக்கும் டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் வலு குறையும்போது, வைரஸ் மீண்டும் பெருகி, தான் தங்கியிருந்த நரம்பு செல்களைச் சிதைத்து, அந்த நரம்பின் வழியாகவே தோலை வந்தடைகிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளங்கள் பட்டையாக எழுவது அதனால்தான்.

என் பெரியம்மாவுக்குக் கொப்புளங்கள் சில வாரங்களில் உலர்ந்து உதிர்ந்துவிட்டன. வலி மட்டும் போகவில்லை. மெல்லிய துணி விலாவில் பட்டாலே துடித்துப்போவார். காயப்பட்ட நரம்பு, தூண்டுதல் ஏதும் இல்லாமலேயே மூளைக்கு வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருப்பதன் விளைவு அது. ஆகவே இந்தத் தடுப்பூசியை, அது நரம்பை எவ்வளவு காக்கிறது என்பதைக் கொண்டே நான் எடைபோடுகிறேன்.

2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஸ்டாவாக்ஸ் எனும் பழைய அக்கித் தடுப்பூசி, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டது. 60 வயதைக் கடந்தோரிடம் நடந்த ஆய்வில் அக்கியை ஏறத்தாழ பாதியளவே குறைத்தது. 2017இல் அங்கு அனுமதிக்கப்பட்ட ஷிங்ரிக்ஸில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்று தூளாக ஒரு குப்பியிலும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் திரவம் மற்றொரு குப்பியிலுமாக அது அறிமுகமானது. அந்த வடிவில், ஊசி போடுவதற்குச் சற்று முன்புதான் இரண்டையும் கலப்பார்கள். உயிருள்ள வைரஸ் இல்லாததால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க முடிகிறது. ஆய்வுகளில் 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் சுமார் 97 சதவீதமும், 70 வயதைக் கடந்தோரிடம் சுமார் 90 சதவீதமும் அக்கியைத் தடுத்தது. அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்பு வலியும் பெருமளவு குறைந்தது. முதுமையில் பல தடுப்பூசிகள் வலுவிழக்கும் நிலையில், இது உண்மையிலேயே பெரிய சாதனை.

குறைகளும் உண்டு. கைவலி, உடல்வலி, அசதி, குளிர்நடுக்கம் ஆகியவை இரண்டு மூன்று நாட்கள் வாட்டக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பயந்து இரண்டாம் தவணையைக் கைவிடுவோர் குறைவார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளர்த்தும் குய்லன்-பாரே எனும் நோய் மிக அரிதாக ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரிக்கை சேர்த்தது. 65 வயதைக் கடந்தோரிடம் பத்து லட்சம் தவணைகளுக்கு மூன்று பேர் அளவில் கூடுதலாகப் பாதிக்கப்படலாம் என்பது மதிப்பீடு. நரம்பைக் காக்கும் ஊசியைப் பற்றிப் பேசும்போது இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனாலும் அக்கியின் ஆபத்தோடு ஒப்பிட்டால் ஊசியின் பக்கமே தராசு தாழ்கிறது.

இது மறதி நோயையும் தடுக்கும் என்ற பேச்சு இப்போது பரவலாக உள்ளது. வேல்ஸ் மக்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2025இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போட்டுக்கொண்டோரிடம் ஏழு ஆண்டுகளில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்த ஆய்வில் இருந்தது பழைய சோஸ்டாவாக்ஸ் என்பதால், அந்த எண்ணை அப்படியே ஷிங்ரிக்ஸுக்குச் சூட்டுவது முறையன்று.

ஏற்கெனவே அக்கி வந்தவர்களும், குணமான பிறகு, இதைப் போட்டுக்கொள்ளலாம். கொப்புளம் எழுந்துவிட்டால் இந்த ஊசியால் பயனில்லை. 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதே அப்போது வழி. 50 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் பேசி முதல் தவணையை எடுத்துக்கொண்டு, இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் வரவேண்டிய இரண்டாம் தவணையின் தேதியையும் அன்றே குறித்து வாங்கிவிடுவது நல்லது.