மரத்தோட கதைய உக்காந்து கேக்குறாங்க – புதுச்சேரி ரெசிடென்ஸிக்கு அம்மாவோட போயிட்டு வந்த அனுபவம்

போன சனிக்கெழம அம்மாவ கூட்டிட்டு புதுச்சேரி போயிருந்தேன். அங்க ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்ஸி ஒன்னு நடக்குது. மூணு ஆர்ட்டிஸ்ட் ஒரு மாசம் ஒரே வீட்ல தங்கி, வர்றவங்ககிட்டல்லாம் "உங்க வாழ்க்கைல இருந்த ஒரு மரத்த பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டு ரெக்கார்ட் பண்றாங்க, மாசக் கடைசில அத வெச்சு படம், சத்தம், துணில தையல்னு செஞ்சு அதே வீட்ல வெக்கப் போறாங்க. ஃப்ரெண்டு சொன்னதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. எங்களுக்கு பண்ருட்டி பக்கம், பணிக்கன்குப்பத்த தாண்டி. பலாவ பத்தி பேச எங்கம்மா மாதிரி ஆள் கெடையாது, ஆனா 2011க்கு அப்புறம் வீட்டு மரத்த பத்தி மட்டும் அவங்க வாயே தொறந்ததில்ல.

மிஷன் வீதிக்கு மேற்கால இருக்கற தமிழ் வீடுங்கள்ல ஒன்னு. தெருவப் பாத்த தாழ்வாரம், திண்ணை, உள்ள முத்தம், சுத்தி மரத்தூணு. கட்டணம் எதுவும் இல்ல. முத்தத்தோரம் பாய் விரிச்சிருந்தாங்க, முட்டி வலிக்காரங்களுக்கு ரெண்டு நாற்காலி. நன்னாரி சர்பத் குடுத்துட்டு பத்து நிமிஷம் எதுவுமே கேக்காம விட்டுட்டாங்க, எனக்கு அது ரொம்ப புடிச்சுது, ஏன்னா மைக்க நீட்டி சொல்லுங்கம்மான்னா எங்கம்மா எழுந்து வந்துருவாங்க. சும்மா உக்காந்திருந்த அம்மா பக்கத்துல இருந்த தூண தடவிட்டு "தேக்கு"ன்னாங்க, அதுலருந்துதான் பேச்சே ஆரம்பிச்சுது.

பேச வந்தது கோழிக்கோட்டுப் பொண்ணு, தமிழ் தட்டுத் தடுமாறிதான் வருது. "சக்க மரமா அம்மா?"ன்னு கேட்டுச்சு. அம்மாவுக்கு தூக்கிவாரிப் போட்டுருச்சு, நம்மூர்ல சக்கைன்னா சுளைய எடுத்துட்டு மாட்டுக்குப் போடுறது. மலையாளத்துல பழத்துக்கே அதான் பேருன்னு அந்தப் பொண்ணு சொல்ல, இவங்க சுளை, சடை, சக்கை, கொட்டைன்னு ஒன்னொன்னா பிரிச்சு சொல்ல, பால் ஒட்டாம இருக்க கைல எண்ணெய் தடவிக்கறது ரெண்டு ஊர்லயும் ஒன்னுதான்னு தெரிஞ்சதும் ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க.

அப்புறம் அம்மா சொன்னாங்க. தாத்தா வெச்ச மரம், கெணத்தடில, அடிமரத்துலயே காய் பிடிச்சு சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா தொங்கும். 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்துச்சே, மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம்னு அப்புறம்தான் பேப்பர்ல படிச்சோம், அதுக்கு மொத நாள் ராத்திரி எங்களுக்கு தெரிஞ்சதெல்லாம் ஓடு பறக்குற சத்தம் மட்டும்தான். விடிஞ்சு கதவத் தொறந்தா மரம் வேரோட செம்மண்ண தூக்கிக்கிட்டு கெணத்து மேல சாஞ்சு கெடக்கு. அப்பதான் மூசு, அதான் பலாப் பிஞ்சு, விட ஆரம்பிச்சிருந்துச்சு. சுத்துப்பட்டுல பலாவும் முந்திரியும் எல்லாருக்கும் போயிருச்சு, அதுனால மரத்துக்கும் வெல இல்ல. வந்த வியாபாரி ரம்பம் போட்டதும் உள்ள மஞ்சளா, அரைச்சு வெச்ச மஞ்சள் மாதிரியே இருந்துச்சாம். மிருதங்கக் கட்டைக்கு போகும்மான்னு சொல்லி ஏத்திட்டுப் போயிட்டாரு. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பண்ருட்டிப் பலான்னா தனி கிராக்கின்னு எனக்கும் தெரியும். ஆனா கோயில்ல கச்சேரி நடந்தா அம்மா ஏன் மிருதங்கக்காரர் பக்கமா போய் உக்காருவாங்கன்னு பதினஞ்சு வருஷமா பக்கத்துலயே இருந்த எனக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

அந்தப் பொண்ணு ஆறுதல்னு ஒன்னும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, காய் முத்திருச்சான்னு எப்படிம்மா பாப்பீங்கன்னு கேட்டுச்சு. அம்மா சுண்டுவிரல மடக்கி மொட்டியால தரையத் தட்டி, பிஞ்சுன்னா இப்படி கணீர்னு கேக்கும், முத்திருச்சுன்னா இப்படின்னு தூணத் தட்டி, இல்ல இதுவும் இல்லன்னு எழுந்து கதவு, நாற்காலி, பக்கத்துல இருந்த அரிசி டின்னு எல்லாத்தையும் தட்டிப் பாத்தாங்க, இன்னொரு ஆர்ட்டிஸ்ட் ஹெட்போன மாட்டிக்கிட்டு பின்னாடியே போய் அத்தனையும் ரெக்கார்ட் பண்ணாரு. கடைசில மடிச்சு வெச்சிருந்த பாய்ல தட்டுனப்போ "ஆங், இதான்"னாங்க. மத்தவங்க சொல்றத அந்த வீட்ல எவ்ளோ அக்கறையா கேக்குறாங்கன்னு எனக்கு வெளங்குன எடம் அது.

இப்ப கொறை. சொல்லியே ஆகணும்.

கதை சொன்ன அன்னிக்கே அத அட்டைல பிரிண்ட் போட்டு சொவத்துல மாட்டுறாங்க. சாயங்காலம் கெளம்பறப்போ அம்மாவோட அட்டை வந்துருச்சு. "என் இல்லத்தின் அருகே பலாமரம் ஒன்று காய்த்துக் குலுங்கியது"ன்னு இருந்துச்சு. அம்மா ரெண்டு தடவ படிச்சுட்டு என்னப் பாத்து, "இது யாரு வூட்டு மரம்?"னாங்க. எனக்கு நெஞ்ச அடைச்சுருச்சு. அவங்க சொன்னது "கெணத்தடி பலா". சொன்னது "காய் பிடிச்சு நிக்கும்". அந்த பேச்சுலதானே அந்த மரம் இருக்கு, அத திருத்தி எழுதிட்டா ஊர்ல இருக்கற எல்லா பலாமரமும் ஒன்னாத்தான் தெரியும். நான் போய் சொன்னேன், கொஞ்சம் கோவமாவே சொல்லிட்டேன். டைப் பண்றதுக்கு உதவிக்கு வந்தவங்க மரியாதையா இருக்கட்டும்னு நல்ல தமிழ்ல மாத்திட்டாங்களாம். அந்தப் பொண்ணு அப்பவே அட்டைய கழட்டிட்டு, ரெக்கார்டிங்க போட்டு வார்த்தைக்கு வார்த்த அப்படியே எழுதி வெக்கறேன்னு சொல்லிச்சு, மத்த அட்டைங்களையும் மாத்தச் சொல்லியிருக்கேன். இன்னொன்னு, கையெழுத்து வாங்குற படிவம் இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு. அம்மாவுக்கு நான் படிச்சு சொன்னேன், தனியா வர்ற வயசானவங்க என்ன பண்ணுவாங்க? தமிழ்ல ஒரு பக்கம் போடுறது ஒரு மணி நேர வேல.

மத்தவங்க கதையும் படிச்சேன், கேட்டேன். திருப்பாதிரிப்புலியூர்காரர் ஒருத்தர், ஊர் பேர்லயே பாதிரி மரம் இருக்கு, ஆனா கோயிலுக்குப் போய் பாக்கறவரைக்கும் தனக்கு அந்த மரமே தெரியாதுன்னு சொல்லியிருக்காரு. பூவரச எலைய சுருட்டி பீப்பி ஊதுன கதை நாலஞ்சு இருக்கு, படிக்கிறப்பவே வாய்ல அந்த எலக் கசப்பு வந்துச்சு. 1826ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச தாவரவியல் பூங்காவுல காதல் சொன்னவங்க கதையும் இருக்கு. ஒரு டீச்சர் பிள்ளைங்கள திருவக்கரை கூட்டிட்டுப் போனத சொல்லியிருக்காங்க, அங்க கல்லாவே மாறிப்போன 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரத்துமேல ஒரு பையன் காதை வெச்சு கேட்டானாம்.

ஆஸ்திரேலியால மெல்போர்ன் நகரத்துல மரத்துக்கெல்லாம் ஈமெயில் ஐடி குடுத்தாங்க, கெள முறிஞ்சா சொல்லட்டும்னு குடுத்தா ஜனங்க மரத்துக்கே பாசமா லெட்டர் எழுதுனாங்கன்னு படிச்சிருக்கேன். எழுதத் தெரிஞ்சவங்களுக்கு அது சரி. எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்கணும், இங்க அது நடக்குது. ஆனா வந்தவங்கள்ல முக்காவாசி டவுன்காரங்க. முந்திரி ஒடைக்கறவங்க, பழம் ஏத்தி எறக்கறவங்க கதை ஒன்னுகூட சொவத்துல இல்ல. ஒரு நாள் ரெக்கார்டர தூக்கிக்கிட்டு பண்ருட்டி மண்டி பக்கம் வந்தாங்கன்னா போதும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அட்டைங்கள மாத்திட்டாங்கன்னா அந்த ஒன்னையும் குடுத்துருவேன்.

போறவங்க நாலு மணிக்கு மேல போங்க, மதியத்துல முத்தத்துல வெயில் நேரா எறங்குது. ஞாயித்துக்கெழம கூட்டம் ஜாஸ்தி, நிதானமா பேச முடியாது. நாங்க வர்ற சனிக்கெழம திரும்பப் போறோம். அட்டைய சரியா எழுதிட்டாங்களான்னு பாக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க, அந்தப் பொண்ணுக்குக் குடுக்க ஒரு கிலோ பலாக்கொட்டைய காய வெச்சு கட்டியும் வெச்சுட்டாங்க.