அடுக்கு முறையா, கான்ட்ராஸ்ட் பெயின்டா: வார்ஹாமர் படைக்கு எது பொருந்தும்?

வார்ஹாமர் என்ற மேசை விளையாட்டுக்கான பொம்மைப் படை ஒன்றை வாங்கி ஒட்டி முடித்தவர்கள் அடுத்து கேட்பது இதைத்தான். பெரும்பாலும் வேகத்தை வைத்தே பதில் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது பொம்மையின் மேற்பரப்பு.

அடுக்கு முறை பழையது. பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, அதன் மேல் அடிப்படை நிறத்தை மெல்லிசாக இரண்டு பூச்சு கொடுப்பார்கள். பிறகு நூல்ன் ஆயில், அக்ராக்ஸ் எர்த்ஷேட் போன்ற வாஷ் (நீர்த்த, இருண்ட பெயின்ட்) ஒன்றை ஓடவிட்டால் பள்ளங்கள் இருண்டுவிடும். மேடுகளில் பழைய நிறத்தையே மறுபடி தீட்டி, விளிம்புகளில் வெளிறிய கோடு இழுத்தால் வேலை முடியும். கை பழக வேண்டும், பொறுமையும் வேண்டும்.

கான்ட்ராஸ்ட் பெயின்டை நாட்டிங்ஹாமின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019இல் கொண்டுவந்தது. இது பாதி ஒளி ஊடுருவும் பெயின்ட். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், நிழலும் வெளிச்சமும் ஒரே பூச்சில் விழுந்துவிடும். ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் ஸ்பீட்பெயின்ட், வயெஹோ நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் கலர் இரண்டும் இதே வகைதான். ஸ்பீட்பெயின்டின் முதல் பதிப்பு காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரைந்து மேல் நிறத்தோடு கலந்தது, 2.0 பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஸ்கேவன் என்ற எலி மனிதர்களின் ரோமம், டிரனிட் என்ற வேற்றுகிரக உயிரிகளின் வரிவரியான தசை, துணி மடிப்பு, தோல் பை: இவற்றில் கான்ட்ராஸ்டை மிஞ்ச ஆளில்லை. ஸ்பெய்ஸ் மரீன் என்ற கவச வீரனின் வழவழப்பான தோள் கவசத்தில் கதை வேறு. வழிந்து தேங்கப் பள்ளம் இல்லாததால் பெயின்ட் திட்டுத்திட்டாகக் காய்கிறது. ஸ்பெய்ஸ் மரீன்களில் ஒரு பிரிவான அல்ட்ராமரீன்ஸின் சீரான நீலம் வேண்டுமென்றால் அடுக்கு முறைதான்.

தவறு நேர்ந்தால் திருத்துவதிலும் அடுக்கு முறையே எளிது, மேலே பூசி மறைத்துவிடலாம். கான்ட்ராஸ்டில் அடியில் இருப்பது தெரியும். அதனால் கறைபட்ட இடத்தில் ரெய்த்போன் அல்லது கிரே சீயர் என்ற வெளிர் அடிப்படை நிறத்தைத் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு திரும்பத் தீட்ட வேண்டும். அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கறுப்பு பிரைமர் மேல் வெள்ளையை டிரை பிரஷ் செய்துவிட்டு (பெயின்டைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்த்துவிட்டு) கான்ட்ராஸ்ட் அடித்தால் நிழல் இன்னும் ஆழமாகும்.

பலர் கவனிக்காத ஒன்று: கான்ட்ராஸ்ட் பொம்மை ஒட்டும் வேலையையும் காட்டிக்கொடுக்கும். அச்சுக் கோடு (அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் வரம்பு), மூட்டு இடுக்கு எதுவானாலும் அங்கே பெயின்ட் தேங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும். பாலிஸ்டைரீன் பொம்மை என்றால் பிளாஸ்டிக் சிமென்ட் போடுங்கள். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால் இடுக்கு பெரும்பாலும் மூடிக்கொள்ளும். சூப்பர் குளூ ரெசினுக்கும் உலோகத்துக்கும்தான். அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டுத்தான் பிரைமர்.

ஆக, முழுப் படைக்கும் ஒரே முறை என்று நான் சொல்ல மாட்டேன். துணி, தோல், ரோமத்துக்கு கான்ட்ராஸ்ட். கவசத்துக்கும் படைத்தலைவனின் முகத்துக்கும் அடுக்கு. அப்புறம் வார்னிஷ். மேடுகளில் கான்ட்ராஸ்ட் மிக மெல்லிசாகப் படிவதால், விளையாட எடுத்து எடுத்து வைக்கும்போது முதலில் தேய்வது அங்கேதான். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே வார்னிஷ் வெள்ளை பூத்துப்போகலாம். அப்போது தூரிகையால் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் பூசிவிடுங்கள்.