பெர்பெத்துவாவும் செபஸ்தியாரும்: இரு மறைசாட்சிகள்

கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைசாட்சிகளான பெர்பெத்துவா, செபஸ்தியார் இருவரில், வரலாற்றுச் சான்றின் வலிமையில் பெர்பெத்துவாவே முந்துகிறார். 203-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜில் கொல்லப்பட்ட அந்த 22 வயதுத் தாய், சிறையில் கைக்குழந்தைக்குப் பாலூட்டியதையும், நரைத்த தந்தை காலடியில் விழுந்து மன்றாடியதையும் தாமே எழுதியதாக மரபு கூறுகிறது. அரங்கில் மாடு முட்டித் தள்ளிய பிறகு, விரிந்த கூந்தல் துக்கத்தின் அடையாளமாகத் தோன்றக்கூடாதென்று அவர் அதை முடிந்துகொண்டதை, அக்குறிப்புகளைத் தொகுத்தவர் சேர்த்திருக்கிறார்.

ரோமில் அடக்கம் செய்யப்பட்ட செபஸ்தியாரின் பெயரும் ஜனவரி 20 என்ற நாளும் 354-ஆம் ஆண்டு நாள்காட்டியில் உள்ளன. ஆனால், அம்புகள் பாய்ந்தும் பிழைத்து, ஐரீன் என்ற கைம்பெண்ணின் பராமரிப்பில் தேறி, பின்னர் தடியால் அடித்துக் கொல்லப்பட்டார் என்ற விரிவான வரலாறு 5-ஆம் நூற்றாண்டில்தான் எழுதப்பட்டது. ஆயினும், கொள்ளைநோய்க்கால பாதுகாவலராக மக்கள் பக்தியில் அவரே முந்துகிறார். ஓவியர்கள் தடியை விட்டுவிட்டு அம்புகளையே விரும்பி வரைந்ததற்கும் அதில் பங்குண்டு.