சின்ன மேசையில் எனோடென்: காட்டோ யூனிட்ராக் 183 மி.மீ. வளைவுகள்

சின்ன மேசையில் ஓடும் மாடல் ரயில் பொம்மையாகத் தெரிவதற்கு முதல் காரணம், வளைவுக்குப் பொருந்தாத வண்டி. நிஜத்தில் 20 மீட்டர் நீளமுள்ள பெட்டி 1:150 அளவில் 133 மி.மீ. வரும். அது 183 மி.மீ. ஆர வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமாக ஏறக்குறைய 6 மி.மீ. தள்ளி நிற்கும். எவ்வளவு அழகாக மரம் நட்டாலும் அது கண்ணை உறுத்தும்.

ஜப்பானில் புஜிசாவாவிலிருந்து காமகுரா வரை 10 கி.மீ. ஓடும் எனோடென் பாதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எனோஷிமா நிலையத்துக்குப் பக்கத்தில், தெருவிலேயே, 28 மீட்டர் ஆரத்தில் ரயில் திரும்புகிறது. 150-ஆல் வகுத்தால் 187 மி.மீ. ஜப்பானிய மாடல் ரயில் நிறுவனமான காட்டோவின் யூனிட்ராக் (ஜல்லி அடித்தளத்தோடு வார்த்து வரும் தண்டவாளத் துண்டு) வளைவு 183. கிட்டத்தட்ட நிஜ அளவு! வண்டிகளும் குட்டை, இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரே போகி (சக்கரத் தொகுதி). அதனால் பிதுக்கம் மிகக் குறைவு. இந்தத் துண்டுகளை இப்படி ஒரு ரயிலுக்காக வாங்கினால் முழு மதிப்பெண் தரலாம். நீளமான எக்ஸ்பிரஸ் ஓட்ட ஆசைப்படுபவர்கள் 282 மி.மீ.க்குக் குறைந்து போகவேண்டாம்.

600 × 450 மி.மீ. பலகைக்குத் தேவை: 45 பாகை வளைவுகள் எட்டு, 124 மி.மீ. நேர்த்துண்டு இரண்டு, மின்கம்பியோடு வரும் யூனிஜாயினர் (துண்டுகளை இணைக்கும் கவ்வி) ஒரு ஜோடி. நீள்வட்டத்தைப் பலகை விளிம்புக்கு இணையாக வைக்காதீர்கள். 10 பாகை சாய்த்தால் முழுப் பாதையும் 513 × 413 மி.மீ.க்குள் அடங்கும், முன்பக்கம் கிடைக்கும் முக்கோணத்தில் ஒரு வீடும் சந்தும் வைக்கலாம். 124 மி.மீ. நடைமேடைக்குப் போதாதே என்று தோன்றும். கொஷிகோயே நிலையத்தில் நான்கு பெட்டி ரயில் வந்தால் ஒரு பெட்டி நடைமேடைக்கு வெளியேதான் நிற்கிறது, அதன் கதவுகள் திறப்பதில்லை. ஆகவே வண்டி நீட்டிக்கொண்டு நிற்கட்டும், அதுதான் சரி.

குறை என்றால் நிறம்தான். ஜல்லி வார்ப்பு ஒரே சாம்பல், பிளாஸ்டிக் பளபளப்பு வேறு. தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப் பழுப்பு பூசி, ஜல்லிமேல் நீர்த்த கறுப்பு மையை ஓடவிட்டால் பாதி சரியாகிவிடும். மீதிக்குச் சரிவில் மெல்லிய ஜல்லி ஒட்டவேண்டும். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையில் மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். திரவம் சேர்க்காவிட்டால் பசை பிளாஸ்டிக்கில் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அதற்குமுன் ஒவ்வொரு இணைப்பையும் டேப்பால் மூடுங்கள். யூனிஜாயினருக்குள் பசை ஊறினால் மின்சாரம் தடைபட்டு, அந்த இடத்தில் ரயில் தயங்கும்.

இன்னொரு குறை: மாடலின் ஒன்பது மி.மீ. கேஜை (இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம்) 150-ஆல் பெருக்கினால் 1,350 வருகிறது. எனோடெனின் பாதை 1,067 மி.மீ. அதாவது மாடலில் தண்டவாளம் கொஞ்சம் அகலம். மேலிருந்து பார்த்தால் தெரியும். வளைவுப் பகுதியைத் தெருவாக்கினால் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஸ்லீப்பர் கட்டைகள் மறைந்து, அகலமும் கண்ணில் படாது. தண்டவாளங்களுக்கு நடுவே அட்டையை வெட்டிப் பதியுங்கள். இரு ஓரத்திலும் சக்கர விளிம்புக்கு 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். அட்டை தண்டவாளத் தலையைவிடச் சற்றே தாழ்ந்திருக்கவேண்டும். உயர்ந்தால் வண்டி தூக்கிக்கொள்ளும், சுத்தம் செய்யும் கட்டையும் தண்டவாளத்தைத் தொடாது.

பின்பக்க வளைவை மலைக்குள் ஒளித்துவிடுங்கள். எனோடெனில் இருக்கும் ஒரே சுரங்கம், கொகுராகுஜி பக்கத்தில் 1907-இல் கட்டியது, அதற்கு நல்ல சாக்கு. வாயிலை ஒட்டுமுன் இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நடுவிலும் முனையிலும் பென்சில் முனையை ஒட்டி, கீழே காகிதம் விரித்துத் தள்ளுங்கள். கோடு விழும் இடத்துக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வாயிலை வெட்டுங்கள்.

துண்டுகளைக் கழற்றும்போது பக்கவாட்டில் வளைத்து இழுக்கக்கூடாது. ஜாயினர் தளர்ந்தால் தனியாக வாங்கி மாற்றலாம், ஆனால் மலைக்குள் இருப்பது தளர்ந்தால் கை போகவேண்டும். மலையின் பின்சுவரைத் திறந்தே விடுங்கள்.